பெட்டியம்மா

குவளையில் தண்ணீர் பிடித்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கப் போவார். முதல் பீரியட் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வராந்தாவில் யாரும் இருக்க மாட்டார்கள். குடிநீர்க் குழாய்களுக்குப் பக்கத்துச் சுவரில் சாம்பல் நிறத் தகரப் புகார்ப் பெட்டி. பூட்டைத் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவி, இருப்பதையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு திரும்புவார்.

அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரிப்பார். மிட்டாய்த் தாள், பென்சில் சீவல், ஒருமுறை உயிருள்ள வெட்டுக்கிளி. ‘கணக்கு சாரை மாத்துங்க.’ ‘எங்க கிளாஸ் ஃபேன் சத்தம் மட்டும்தான் போடுது.’ நடுவில் எப்போதாவது ஒன்று, படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வைக்கும். எதுவானாலும் அதை வேறொரு அரைத்தாளில் தன் கையால் எழுதுவார். உருண்டை எழுத்து. ஒரு சொல் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. வசவு இருந்தால் வசவோடு. பிறகு வந்த தாளை நாலாகக் கிழித்துக் குவளைத் தண்ணீரில் போட்டுப் பென்சிலால் கிண்டுவார். மை கரைந்து தண்ணீர் நிறம் மாறும். கூழை ஜன்னலோரத் தொட்டிச் செடிக்குக் கொட்டிவிடுவார். செடி நன்றாக இல்லை.

இது யாரும் சொல்லிக் கொடுத்த முறையல்ல. பெயர் போடாமல் எழுதலாம், யாரென்று யாரும் தேட மாட்டார்கள் என்று அறிவித்துப் பெட்டியை மாட்டிய முதல் மாதம், வந்த சீட்டை அப்படியே ஆசிரியர் அறைக்குக் கொண்டு போனார். ஓர் ஆசிரியர் எட்டிப் பார்த்து, “அட, இது அந்தக் குட்டையன் எழுத்தாச்சே” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் பேச்சு வகுப்பு வரைக்கும் போய்விட்டது. அன்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் அந்தக் குட்டையனுக்கு முன்பல் ஒன்று போயிற்று. மறுநாளிலிருந்து குவளை.

பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளியின் எழுத்தர். சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், லீவு லெட்டர் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டி கூடுதல் வேலை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பெட்டியம்மா. அது அவருக்குத் தெரியும். பி.டி. சார் மட்டும் தினமும் தலையை நீட்டிக் கேட்பார்: “அக்கா, இன்னிக்கு என்னைப் பத்தி ஏதாச்சும்?”

“உங்களைப் பத்தி எழுதப் பேப்பர் பத்தாது சார்.”

எழுத்தை மறைக்கிறவருக்கு எல்லா எழுத்தும் தெரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. லீவு லெட்டர்களைப் பதினெட்டு வருடம் பார்த்த கண். சீட்டைப் பிரித்ததும் முகம் வந்து நிற்கும். பிறகு அந்த முகத்தை வராந்தாவில் பார்த்தால், எதுவும் தெரியாதது போல் அறிவிப்புப் பலகையைப் பார்க்க வேண்டும். வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் சொல்வார்: “உன் பெட்டியில நானும் ஒண்ணு போடட்டுமா? வீட்டுல ஒருத்தி முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறான்னு.”

“போடுங்க. கையெழுத்தை மாத்திப் போடுங்க.”

பின்பக்கம் சாய்ந்த எழுத்தில், பச்சை மையில், கட்டைவிரல் நகமளவுக்கு மடித்து மூன்று சீட்டுகள் அடுத்தடுத்து வந்தன. எட்டாம் வகுப்புப் பெண். ‘மாடி லேப் கதவுல என் விரலை வச்சு அழுத்தறாங்க. மூணு பேர். விளையாட்டுன்னு சொல்றாங்க.’ மூன்றாவதில், ‘நாளைக்குப் பேர் எழுதறேன்’ என்று இருந்தது.

அன்று மதியமே அந்தப் பெண் லீவு லெட்டரோடு ஜன்னலுக்கு வந்தாள். இரண்டு விரல்களில் கட்டு. பெட்டியம்மா அறிவிப்புப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதில் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“கதவுலயாம்மா?”

அவள் கையை உருவிக்கொண்டாள். “டிபன் பாக்ஸ் மூடி மேடம்” என்றாள். லெட்டரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

மறுநாள் பெயர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பதினோரு நாள் ஆயிற்று. வராந்தாவில் இவரைக் கண்டால் அந்தப் பெண் வந்த வழியே திரும்பினாள். கை மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.

மாத அறிக்கை எழுத உட்கார்ந்த தலைமையாசிரியர் கேட்டார்: “அந்த லேப் கதவு விஷயம் அப்புறம் வரலையேம்மா?”

“வரலை சார்.”

“அப்ப சரியாயிடுச்சு. முடிஞ்சதுன்னு போட்டுடலாம்.”

“வரலைன்னுதான் சார் சொன்னேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க, பக்குவமா கூப்பிட்டுக் கேக்கறேன்.”

“நான் சொல்லிட்டா அப்புறம் அந்தப் பெட்டியில ஆணி, ஸ்க்ரூ போட்டு வச்சுக்கலாம் சார். வேற எதுக்கும் ஆகாது.”

“சரி. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

பெட்டியம்மா வெளியே வந்தார். தன் இடத்தில் உட்கார்ந்தார். பிறகு பழுதுபார்ப்புப் படிவம் ஒன்றை எடுத்து எழுதினார். ‘மாடி லேப். கதவுக் கீல் பழுது. கழற்றி வைக்கவும்.’

இரண்டு நாள் கழித்துத் தச்சர் வந்தார். கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். “கீல் நல்லாத்தானேம்மா இருக்கு?”

“நாளைக்குக் கெட்டுப் போயிடும். கழட்டுங்க.”

கதவு சாமான் அறையில் சுவரோடு சாய்ந்தது. பெட்டியம்மா முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி, வெறும் நிலையைப் பார்த்துவிட்டு இறங்கினார். சாயங்காலம் கணவரிடம் சொன்னார்.

“ஒண்ணைக் கழட்டிட்டே. இன்னும் எத்தனை கதவு இருக்கு உங்க ஸ்கூல்ல?”

“நாப்பத்தாறு” என்றார். எண்ணியிருக்கிறார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் பெட்டியைத் திறந்தார். மிட்டாய்த் தாள் இரண்டு. ஃபேனைப் பற்றி ஒன்று. கிராஃப் தாளில் ஒன்று, பென்சிலால், இடது கையால் எழுதியது போல் கட்டத்துக்குக் கட்டம் விழுந்து எழுந்து போயிற்று எழுத்து. தாள் நகமளவுக்கு மடித்திருந்தது. மடிப்பை மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை. ‘இப்ப மாடிப்படிக்குக் கீழ.’ அதன்கீழ் மூன்று பெயர்கள், வகுப்போடு.

உருண்டை எழுத்தில் பிரதி எடுத்தார். வந்ததைக் கிழித்துக் கரைத்தார். பதினோரு மணிக்குத் தலைமையாசிரியர் மூவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மதியம் ஒருத்தியின் அம்மா வந்து, “யார் எழுதினதுன்னு காட்டுங்க, எனக்குத் தெரிஞ்சாகணும்” என்று சத்தம் போட்டார். தலைமையாசிரியர் அரைத்தாளைக் காட்டினார்.

“இது பெரியவங்க எழுத்தால்ல இருக்கு?”

“ஆமா” என்றார் தலைமையாசிரியர்.

மூன்று மணிக்கு அலுவலக ஜன்னலில் ஒரு லீவு லெட்டர் வந்தது. பச்சை மை, பின்பக்கம் சாய்ந்த எழுத்து. அதைப் பிடித்திருந்த இரண்டு விரல்களில் நகம் கறுத்திருந்தது. பெட்டியம்மா தேதியைச் சரிபார்த்தார். முத்திரை குத்தினார். தலையை நிமிர்த்தாமல் தாளை வெளியே தள்ளினார்.

“அடுத்தது” என்றார்.

வரிசையில் வேறு யாரும் இல்லை.