உப்புக் கரிக்காத கிணறு

ஆம்பூர்ப் பக்கத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே கேள்விதான் வரும்: உப்பா, இல்லையா? தோல் தொழிற்சாலைக் கழிவில் கிணறுகள் கெட்டுப்போன ஊர்களில் வேறென்ன கேட்பார்கள்? உப்புக் கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் பரீட்சை கிடையாது.

ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் அமிர்தவள்ளியும் அப்படித்தான் நினைத்தாள். இத்தனைக்கும் ஊர்த் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி எடுத்து, சோதனைப் பெட்டியை வீட்டிலேயே வைத்திருப்பவள். பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம், கைவிட்டுக் கிடந்த மேலத்தெருக் கிணறு நிரம்பியது. ஒரு வாய் குடித்தவள் தெருவே அதிரக் கத்தினாள்: "அக்கா, உப்பே இல்ல! சும்மா எளநி மாதிரி இருக்குது!"

அவ்வளவுதான், ஊருக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டார் வந்தது, குழாய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பிரியாணிக் கடை நயீம் அகமது பாய் பிரியாணி ஆக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டவள் எதிர்வீட்டுச் சௌந்தரம். மகள் பாரதி பிரசவத்துக்கு வந்திருந்தாள். கேன் தண்ணீருக்கு இனி அலைய வேண்டாம்.

பேருக்குத்தான் அமிர்தவள்ளி அந்தத் தண்ணீரைக் கிருமி பார்க்கும் பாட்டிலில் பிடித்து வைத்தாள். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால், பாட்டில் மையாகக் கறுத்துக் கிடந்தது. மலக்கழிவு கலந்ததற்கு அடையாளம் அது. ஊரையே ஆடவிட்டது அவள் வாய்தானே! பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முதல் குடம் பாரதி வீட்டுக்குத்தான் போகும்.

நேராகச் சௌந்தரத்திடம் போனாள்.

"அக்கா, அந்தத் தண்ணிய வாயில வைக்காதீங்க. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

"இன்னாடி பேஜார் பண்றே? உப்பு இல்லேன்னு நீதானே கூவுனே!"

"உப்பு இல்லக்கா. கக்கூஸ் தண்ணி இருக்குது."

சௌந்தரம் படாரென்று கதவைச் சாத்தினாள். விஷயம் பரவி விழா தள்ளிப்போனது, தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அமிர்தவள்ளிக்கு அழுகை வந்தது, ஆனாலும் விடவில்லை. பஞ்சாயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிணற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கிணற்று மேடை விரிசல் விட்டிருந்தது. பக்கத்துச் சாக்கடை அதன் வழியாக உள்ளே கசிந்துகொண்டிருந்தது. சாக்கடையைத் திருப்பிவிட்டு, மேடைக்குச் சிமெண்ட் பூசி, கிணற்றை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். பிறகு பிடித்து வைத்த பாட்டில் கறுக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நைட்டியோடு தெருவில் ஓடினாள் பாருங்கள், கல்யாண ஊர்வலம் தோற்றது! வேலூர் லேப்பும் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டது.

திறப்பு விழாவன்று பிரியாணி மணத்தில் ஊரே கூடியிருந்தது. குழாயில் பிடித்த முதல் தம்ளரை வாங்கப் பஞ்சாயத்துத் தலைவர் கையை நீட்டினார். சௌந்தரம் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அதைப் பறித்தாள். நிறைமாத மகளின் கையில் கொடுத்தாள்.

"குடி கண்ணு. அமிர்தவள்ளி பாத்துச் சொல்லிட்டா."