டாக்டரம்மா மனசு நோகக் கூடாது

என் வீட்டுக்காரர் யார் மனதையும் நோகடிக்காதவர், என் மனதைத் தவிர. எங்கள் மலையில், இந்தக் குண்டூர் நாட்டில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன் என்பார்கள். தங்கத்தோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

போன மிளகு பறிப்பில்தான் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பிடித்து ஏறிக் கிடக்கும். ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுவில் கால் வைத்து ஏறித்தான் பறிக்க வேண்டும். பாதி மரத்தில் மனுசன் நின்றுவிட்டார். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. என்னங்க ஆச்சு என்று கீழேயிருந்து கத்தினேன். கொடி காய்த்திருக்கிற அழகைப் பார்க்கிறாராம். கண்ணை மூடிக்கொண்டா? இறங்கி வந்தபோது அந்தக் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் துரத்தினேன். நெஞ்சு லேசாகக் கரிக்கிறது என்று மட்டும் சொல்லி, கேஸ் மாத்திரை வாங்கி வந்தார். மாத்திரை தீர்ந்தது, மூச்சு வாங்குவது தீரவில்லை. மறுபடியும் துரத்தினேன். அதே மாத்திரையோடு திரும்பி வந்தார். போன மாத்திரை கேட்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் சொன்னீர்களா என்றேன்.

“அதெப்படி புள்ள சொல்றது? சின்னப் பொண்ணு, அவ்வளவு ஆசையா எழுதிக் குடுத்துச்சு. கேக்கலைன்னு சொன்னா அது மூஞ்சி சுண்டிப் போயிராதா?”

நல்லாயிருச்சுங்க என்று கும்பிட்டு, கையோடு ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். விருந்துக்குப் போன வீட்டில் குழம்பு சரியில்லை என்று சொல்வோமா என்று என்னிடமே நியாயம் வேறு. எங்கள் சனத்துக்கே இந்தப் புத்தி உண்டு. ஒருத்தர் மனசாரக் கொடுத்ததைக் குறை சொல்ல வாய் வராது. அதற்காக மாத்திரையிலுமா மரியாதை பார்ப்பது?

அடுத்த முறை நானும் கிளம்பினேன். அவர் கிளம்பிய கோலத்தைச் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, முகம் வழித்து, பவுடர் போட்டு, பொண்ணு பார்க்கப் போகிறவர் மாதிரி வெள்ளை வேட்டியில் நின்றார். நோயாளி என்றால் நோயாளி மாதிரி வாங்களேன் என்று கெஞ்சினேன். படித்தவர்கள் முன்னால் அழுக்காகப் போய் நிற்பதா என்றார். பஸ்ஸில் வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு சவாரி போகிற டூரிஸ்ட் கூட்டம். கிடைத்த ஒரு சீட்டையும் அவர்களில் ஒருத்தருக்கு எழுந்து கொடுத்தார். என் பல் நறநறத்தது.

டாக்டரம்மாவுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், நல்லா இருக்கேனுங்க என்றார் இவர். அதோடு விட்டாரா? சாப்பிட்டாச்சா, மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று திருப்பி விசாரித்தார். ஒரு வாரமாக இருமல் என்று அந்தப் பெண்ணும் வாய்விட, மிளகைத் தட்டிக் கசாயம் வைக்கும் பக்குவத்தை இவர் சொல்ல, அது தலையாட்டிக் கேட்டுக்கொண்டது. யார் வைத்தியர், யார் நோயாளி என்று எனக்கே குழம்பிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. மரத்தில் நின்றது, சட்டை நனைந்தது, மேடு ஏறும்போது நெஞ்சைப் பிடிப்பது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அசரவில்லை. “அவ ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவாளுங்க” என்று சிரித்தார். யாரை நம்புவது என்று தெரியாமல் டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் பசுவின் ஞாபகம் வந்தது. அது ஒருநாள் அசை போடவில்லை என்று, மாட்டு டாக்டரைக் கூட்டி வந்து, சாணியின் நிறம் முதல் காது சூடு வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்த மனுசன் இவர். கொடுத்த மருந்து கேட்கவில்லை என்று மறுநாளே சண்டைக்கும் போனார்.

“டாக்டரம்மா, இவரைப் பத்தி இவர்கிட்டக் கேக்காதீங்க. நம்ம மாட்டுக்கு இப்படி வந்திருந்தா மாட்டு டாக்டர்கிட்ட என்ன சொல்லுவீங்கன்னு கேளுங்க” என்றேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பேனாவை எடுத்துக்கொண்டு அப்படியே கேட்டார். இவர் கொஞ்ச நேரம் துண்டை முறுக்கினார். பிறகு ஆரம்பித்தார். மேட்டில் ஏறினால் அதற்கு நெஞ்சுக்குள் கல்லைத் தூக்கி வைத்தது போல் இருக்கிறதாம். நின்றால் விட்டுவிடுகிறதாம். இடது பக்கத்து முன்னங்கால் தோளிலிருந்து கனத்துப் போகிறதாம். இப்போதெல்லாம் படுத்திருக்கும்போதே வருகிறதாம். வீட்டில் இருக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று அது கத்துவதில்லையாம்.

கடைசி இரண்டும் எனக்கே தெரியாதவை. டாக்டரம்மாவின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. நர்சைக் கூப்பிட்டு, அங்கேயே படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். நீளமாக வந்த தாளை டாக்டரம்மா ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க என்றார் நர்சிடம்.

இவர் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டார்.

“அந்த மாடு பொழைச்சுக்குமாங்க?”

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள், அதெல்லாம் நல்லாப் பொழைச்சுக்கும், ஒண்ணும் ஆகாது என்று நான் முந்திக்கொண்டேன். எனக்கு என்ன வைத்தியம் தெரியும்? இருந்தாலும் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“நீ சும்மா இரு புள்ள” என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே. “அவங்க நெசத்தைச் சொல்லட்டும்.”