உள்ளான் துப்பாக்கிக்கு மஞ்சள் பொட்டு

“ஏம்மா, உலக்கைக்கு எதுக்கு ட்ரிகரு?”

அப்பா இப்படிக் கேட்டபோது நான் அதைச் செதுக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறவர். கட்டடம் எழும்ப வேண்டுமென்றால் பலகை அடிப்பார், எழும்பிய பிறகு அதையே பிரிப்பார். அவர் பார்வையில் மரம் என்பது ஆணி அடிப்பதற்கு மட்டும்.

“உலக்கை இல்லப்பா. வெள்ளைக்காரங்க இந்தப் பக்கம் வந்த புதுசுல ஏரியில உள்ளான் குருவி சுடறதுக்கு வெச்சிருந்த துப்பாக்கி. அதோட நகல்.”

“உள்ளான் இத்தினூண்டு கீது. அதுக்கு அஞ்சடியில துப்பாக்கியா? நீ படிச்சா ஏசி ரூம்ல குந்துவேன்னு பார்த்தேன். மொட்டை மாடியில குந்தினு உப்புத்தாள் தேய்க்கிற.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவள் நான். கல்லூரி வாசலையும் நான்தான். வரலாற்றில் எம்.ஏ. இதை யாரும் கேட்காமலேயே சொல்லுவேன். காய்கறிக் கடையில்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் கொத்தமல்லி இலவசமாகக் கொடுத்தார்.

பல்லாவரத்தில் ஒரு பழைய பங்களாவைக் கண்காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்ட மேடம், கண்ணாடிப் பெட்டியில் வைக்க அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று தேவை என்றார். ஃபைபரில் செய்து தர ஒரு கம்பெனி தயாராக இருந்தது. நான் மரத்திலும் இரும்பிலும் செய்கிறேன் என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு ஒரு தேதி சொன்னார்.

“அன்னைக்குக் கொண்டு வா. சரியா இருந்தா இங்க வர்ற மரச்சாமான் எல்லாம் உன் வேலை. இல்லேன்னா மொத்தமும் ஃபைபர்தான்.”

அவர் சொன்ன தேதி விஜயதசமிக்கு மறுநாள். அப்போது அதில் ஆபத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை.

படப்பை போகிற சாலையில், இடித்த வீடுகளின் கதவு ஜன்னல் விற்கிற கடையில் ஒரு தேக்கு நிலை கிடைத்தது. அதை அறுத்துத் தோளில் வைக்கிற கட்டையைச் செதுக்கினேன். குழல் வெறும் இரும்புக் குழாய். வெடிக்கவே கூடாது என்பதற்காக உள்ளே இரண்டு இடத்தில் வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னேன். “அடைச்சிட்டா எப்படி சுடுவே?” என்று வெல்டர் அண்ணன் கேட்டார். சுடமாட்டேன் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார், பைத்தியத்திடம் பேசுவது போல.

கஷ்டமான இடம், மருந்தைப் பற்றவைக்கப் பொறி தருகிற சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தாடைதான். கல் நழுவாமலிருக்க இடையில் ஒரு துண்டுத் தோல் வைக்க வேண்டும். பிய்ந்துபோன என் செருப்பிலிருந்து வெட்டினேன். தாடை கல்லைக் கவ்வியபோது ஒரு கோழி எதையோ பார்த்து முறைப்பது போல இருந்தது. நான் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

கட்டைக்குத் தினம் ஒரு பூச்சு ஆளிவிதை எண்ணெய். கடைசிப் பூச்சு ஆயுத பூஜை அன்று காலையில். அது காய இரண்டு நாள் ஆகும். கூடத்து மூலையில் இரண்டு செங்கல் மேல் படுக்க வைத்துவிட்டு, சாயங்காலம் பொரி கடலை வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். ஊரே பூசணிக்காய் வாங்க வந்திருந்தது. திரும்பி வர இரண்டு மணி நேரம்.

வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பிராணிப் புகை. புகைக்கு நடுவில் பலகை. பலகையில் அப்பாவின் சுத்தியல், ரம்பம், அம்மாவின் அரிவாள்மணை, என் உளிகள், என் எம்.ஏ. புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சாமந்தி மாலை போட்டுக்கொண்டு, காலடியில் எலுமிச்சம்பழத்தோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி என் துப்பாக்கி.

பொட்டு மூன்று இடத்தில் வைத்திருந்தார்கள். அடிக்கட்டையில் ஒன்று, இரும்புத் தாடையில் ஒன்று, கை பிடிக்கிற ஒல்லியான கழுத்தில் எட்டணா அளவுக்கு ஒன்று.

“அம்மா! எண்ணெய் இன்னும் காயலம்மா!”

“சந்தனம் தீந்துபோச்சு. மஞ்சளைக் கொழைச்சி வெச்சேன். நல்லா புடிச்சிக்கிச்சு பாரு.” அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “வருஷா வருஷம் சுத்தியலுக்கும் அரிவாமணைக்கும் வெச்சிகினு ஆயுத பூஜைன்னு சொல்லிகினு இருந்தோம். நம்ம வூட்ல நெஜமாவே ஆயுதம் இருக்கறது இந்த வருஷம்தான்டி.”

நான் துணியை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்துவிட்டார்.

“பூஜையில வெச்சத நாளைக்குக் காலைலதான் தொடணும்.”

“மஞ்சள் எண்ணெய்ல கரையும்மா. மரத்துக்குள்ள எறங்கிடும்.”

“எறங்கட்டும். சாமிதானே எறங்குது.”

அப்பாவைப் பார்த்தேன். அவர் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “இப்பத்தான் உலக்கைக்கு ஒரு களை வந்துகீது” என்றார்.

இரண்டு பட்டம் வாங்கிய நான், என் துப்பாக்கிக்குள் மஞ்சள் இறங்குவதைத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துடைக்கலாமென்றால் தொடக்கூடாது. தேய்க்கலாமென்றால் உப்புத்தாளும் பூஜையில் இருந்தது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் மறுபூஜை முடிந்து கற்பூரம் அணைவதற்குள் பாய்ந்தேன். தாடையில் இருந்தது துடைத்ததும் போனது, இரும்பு அல்லவா. அடிக்கட்டை தடிமனானது. இழைத்துத் தேய்த்ததில் அங்கும் போனது. கழுத்தில் மட்டும் போகவில்லை. தேய்க்கத் தேய்க்க மரம்தான் குறைந்தது, மஞ்சள் குறையவில்லை. இதற்கு மேல் சுரண்டினால் துப்பாக்கி இரண்டாக உடைந்துவிடும். மறுநாள் மேடத்தைப் பார்த்தாக வேண்டும்.

அப்போதுதான் என் வரைபடத்தை மறுபடி பிரித்துப் பார்த்தேன். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் சரியாக அதே இடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு பதித்திருப்பார்கள். சொந்தக்காரருடைய முத்திரை அதில் இருக்கும். நானே வரைந்திருந்தேன். பதிப்பது கஷ்டமென்று நானே விட்டிருந்தேன். விட்டதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றும் நானே முடிவு செய்திருந்தேன்.

“அம்மா, பித்தளை வேணும்.”

அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறினார். பரணிலிருந்து விளிம்பு உடைந்த ஒரு தாம்பாளத்தை இறக்கிக் கொடுத்தார். தான் செய்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்கு இரண்டு முறை காபி வந்தது.

தாம்பாளத்தின் அடியில் வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவி, மரத்தில் பள்ளம் பறித்துப் பதித்தேன். இரண்டு சின்ன ஆணி. புளி போட்டுத் தேய்த்ததும் தங்கம் மாதிரி மின்னியது. மஞ்சள் அதன் அடியில் நிம்மதியாக மறைந்தது. அப்பா வந்து கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, “வெயிட்டா கீது” என்றார். அவர் வாயிலிருந்து அது பாராட்டு.

கிளம்பும்போது பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்தவரும் அவர்தான். “ஸ்டேஷன்ல கேட்டா கர்ட்டன் ராடுன்னு சொல்லு. படிச்ச திமிர்ல எதையாவது பேசி வெக்காத.”

பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். “இன்னாமா அது, கர்ட்டன் ராடா?”

விடையையும் அவரே கொடுத்துவிட்டார். தலையாட்டினால் போதும். ஆனால் மூன்று மாதம் கையில் கொப்புளத்தோடு செதுக்கியதைக் கர்ட்டன் ராடு என்று எப்படிச் சொல்வது?

“இல்ல சார். துப்பாக்கி.”

பக்கத்தில் நின்றவர்கள் எனக்காக ரொம்பத் தாராளமாக இடம் விட்டார்கள். நான் மேடம் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். வெல்டிங் வைத்து அடைத்த குழலைக் காட்டினேன். சிக்கிமுக்கிக் கல் எப்படி வேலை செய்யும் என்று விளக்கினேன். இரண்டு மின்ரயில் வந்து போயின. கடைசியில் அவர் அதைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்.

“சூப்பரா கீதும்மா. ஆனா ஒண்ணு. ரயில்ல யார் கேட்டாலும் கர்ட்டன் ராடுன்னு சொல்லு. உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்.”

சொன்னேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி பல்லாவரம் வரைக்கும் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மேடம் துப்பாக்கியை வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைத்தார். குழலைத் தடவினார். தாடையைத் திறந்து மூடினார், கல்லையும் தோலையும் குனிந்து பார்த்தார். கழுத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இந்தத் தகட்டுல என்னமோ புள்ளி புள்ளியா இருக்கே?”

நானும் குனிந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் மேடு தட்டியிருந்தன. பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிற புள்ளிகள். மேடம் இரண்டு ஆணியையும் நெம்பித் தகட்டைத் திருப்பினார். “அன்பளி” என்று இருந்தது. “ப்பு” தாம்பாளத்தோடு வீட்டில் இருந்தது.

எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். தாம்பாளத்தைத் திருப்பிப் பார்க்காதவளும் நான்தான்.

தகடு எடுத்த பள்ளத்தில் மஞ்சள் பொட்டு பளீரென்று தெரிந்தது. மேடம் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மரத்தில் ஏதோ பூஞ்சை என்று சொல்லலாம். ஒரு விநாடி நினைத்தேன். பிறகு பொரி வாங்கப் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், உப்புத்தாளுக்குப் பொட்டு வைத்தது உட்பட.

அவர் சிரிக்கவில்லை. தகட்டை மறுபடி பள்ளத்தில் வைத்தார். சுற்றிலும் நகத்தை ஓட்டினார், எங்கும் நகம் மாட்டவில்லை.

“ஃபைபர்ல இந்தப் பள்ளம் பறிக்க மாட்டாங்க. பெயின்ட் அடிச்சுடுவாங்க” என்றார். “புதுத் தகடு, வெறுமையா, அடுத்த வாரம் வேணும். மஞ்சள் அடியில இருக்கட்டும், யாரும் பார்க்கப் போறதில்ல. பல்லக்கு செய்வியா?”

“செய்வேன் மேடம்.”

“முழு அளவு. ஒரு ஆள் உள்ள உட்காரணும்.”

“செய்வேன் மேடம்” என்று மறுபடி சொன்னேன். பல்லக்கை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் எங்கள் வாசற்படியைக் கையால் அளந்தார். “செய்யலாம். வெளிய எடுக்கணும்னா வூட்டை இடிக்கணும்” என்றார்.

அதுவும் சரிதான். அதனால் படப்பையில், அதே கதவு ஜன்னல் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பேசி, நேற்று பூட்டும் மாட்டிவிட்டு வந்தேன். கதவு எட்டு அடி அகலம். இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டேன்.