சாட்சியும் ஊத வேண்டும்

சென்ற மார்கழியில் ஒரு காலைப்பொழுது, இரத்தினபுரி நகரத்துக் கிளினிக் ஒன்றில் நடந்த சம்பவம் இது. குருவிட்ட பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியனாக வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டவன் நான். தோட்டத்துக் கோயிலில் மாலைதோறும் பதிகம் ஓதுவதே இப்போது என் வேலை.

எங்கள் பஜனைக்கு மத்தளம் வாசிப்பவர் இறப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி, நாற்பது வயது. முன்பு 'குடு' என்னும் போதைத்தூளுக்கு அடிமையாகி எலும்பும் தோலுமாகிப் போனவர். கிளினிக்கில் அதற்கு மாற்றாக அவருக்குத் தினமும் காலையில் ஒரு சிறு கிண்ணம் மருந்து கொடுத்தார்கள். தாதியின் கண்முன்னே அதை விழுங்க வேண்டும். தூள் விலகியது, அது இருந்த இடத்தில் சாராயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மருந்தோடு மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம் என்பதால், நாள்தோறும் அவரை ஒரு கருவியில் ஊதச் செய்தார்கள். எண் ஏறினால் அன்றைக்கு மருந்து இல்லை. மருந்து இல்லாவிட்டால் உடம்பு முறுக்கி, பழைய தூளையே தேட வைக்கும்.

நானும் என் பங்குக்கு, கோயிலை ஒட்டிய பஜனை மடத்து வாசலில் அவர் வாயை முகர்ந்து பார்த்த பிறகே மத்தளத்தைக் கையில் கொடுப்பேன்.

அவர் சாராயத்தை விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்று எனக்குக் கண் பரிசோதனை இருந்ததால் ஒரே பஸ்ஸில் போனோம்.

"வயிறு கல்லு மாதிரி கெடக்கு சேர். நாலு நாளாச்சு. இந்த கிளினிக் சிரப்பு குடிச்சா அப்படித்தானாம்" என்றார் வழியில்.

மலச்சிக்கலுக்கு என் பையிலேயே மருந்து இருந்தது. இருபது ஆண்டுகளாக நான் விடாமல் குடித்து வரும் ஆயுர்வேத அரிஷ்டம். கிளினிக் கேட்டருகே நின்று அவருக்கு இரண்டு மூடி ஊற்றினேன், எனக்கு மூன்று.

"தொண்டைய காறுதே சேர்!"

"மருந்தெண்டால் அப்பிடித்தான். விழுங்கும்."

உள்ளே போய் அவர் ஊதினார். எண் ஏறிக்கொண்டே போனது. தாதியின் முகம் வாடியது. அவர் சிங்களப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவார்.

"நம்ம கோயில் மேல சத்தியமா நான் தொடல மிஸ்!"

"எல்லாரும் அதான் சொல்றாங்க. இன்னைக்கு சிரப் இல்ல."

நான் நெஞ்சை நிமிர்த்தி முன்னே சென்றேன். "பிள்ளை, இவருக்கு நான் சாட்சி. எழுபத்திரண்டு வயசாகுது, ஒரு சொட்டு மது என்ர நாக்கில பட்டதில்லை."

தாதி மூக்கைச் சுளித்தார். "அனே ஐயோ, அப்ப சேரும் ஊதுங்க."

அவமானமாக இருந்தது. ஆயினும் ஊதினேன். என் எண் அவருடையதைவிடக் கூடுதலாக ஏறி நின்றது!

வரிசை முழுவதும் சிரித்தது. "சேர், எந்தச் சாராயத் தவறணையில போட்டீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மலச்சிக்கலுக்கு இருவரும் மருந்துதான் குடித்தோம் என்றேன். தாதி என் பையைத் திறக்கச் சொல்லி, போத்தலை எடுத்து லேபிளைப் படித்தார். "இது புளிக்க வெச்சு செய்றது சேர். இதுலயும் அல்கஹோல் இருக்கு. ரெண்டு பேரும் வாய் கொப்புளிச்சிட்டு அந்த பெஞ்சில உக்காருங்க. இருபது நிமிஷம்."

இருபது ஆண்டுகள், காலையும் மாலையும். கணக்குப் போடவே துணியவில்லை.

பெஞ்சில் மத்தளக்காரர் மெதுவாகச் சொன்னார்: "நான் சத்தியம் பண்ணா யாரும் நம்ப மாட்டாங்க சேர். மத்த நாளா இருந்தா, போங்கடான்னு நேரா தவறணைக்குப் போயிருப்பேன். இன்னைக்கு உங்களையே நம்பல பாருங்க, அதுல ஒரு சந்தோஷம்!"

இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். ஆனாலும் அவர் பார்வை சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. நான் உள்ளூர இறைவனை வேண்டிக்கொண்டேயிருந்தேன்.

அவர் மறுபடி ஊதியபோது கருவி சுழியத்தில் நின்றது. தாதி சிரித்தபடி கிண்ணத்தை நீட்டினார். மத்தளக்காரர் மடமடவென்று குடித்து முடித்ததும் தாதி சொன்னார்: "வயித்துக்கு டொக்டர்கிட்ட கேளுங்க. தண்ணி, பப்பாசி நல்லது. சேர்கிட்ட மட்டும் கேக்க வேணாம்!"

அன்று மாலை மடத்து வாசலில் மத்தளத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. முகத்தை என்னருகே கொண்டு வந்து, "மொதல்ல நீங்க ஊதுங்க சேர்" என்றார்.

ஊதினேன்.

தம்மைக் கடையிலும் கடையராக எண்ணிய அடியார்களின் பதிகங்களை ஐம்பது ஆண்டுகளாக ஓதி வருபவன் நான். பண்ணோடு நாவிலேயே நின்றுவிட்ட அந்தத் தாழ்மை, இன்றும் பாட்டுக்கு முன் நாங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிச் சிரிக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குள் இறங்குகிறது.