கைதட்டலுக்கு வாங்கிய பேட்டரி

வாசிப்பவரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திவிட்டே இதைத் தொடங்குகிறேன். பேச்சு மேடைகளில் நான் வென்ற கோப்பைகளை எண்ண வேண்டாம். என் முதல் வெற்றியை மட்டும் கேட்டு, அது வெற்றிதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

மலாய் நாட்டின் விடுதலைக்கு நாள் குறித்தாயிற்று என்று எங்கள் ஊரின் பண்டார் ஹிலிர் திடலில் தலைவர்கள் அறிவித்துச் சென்ற ஆண்டு அது. எனக்கு ஒன்பது வயது. காஜா பெராங் தெரு வீட்டில் அப்பாவும் நானும் மட்டுமே இருந்தோம். அம்மா காசநோய்க்காகக் கோலாலம்பூர் மருத்துவமனையில் இருந்தார். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். பேருந்து மாறி மாறிப் போனால் அந்த நேரம் வழியிலேயே கரைந்துவிடும். அதற்காகவே அப்பா ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். அம்மாவின் சீப்பில் சிக்கியிருந்த முடியை யாரும் எடுக்க விடாமல், நான் அந்த ஞாயிற்றுக்கு விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை கார் முனகி அடங்கியது. கைப்பிடி போட்டுச் சுற்றியும் உயிர் வரவில்லை. தெங்கேராவிலிருந்த பேட்டரிக் கடைக்கு நடந்தோம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

“அண்ணே, இது புதுசு. இனிமேதான் ஆசிட் ஊத்தணும், ரெண்டு நாளாவது சார்ஜுல கெடக்கணும். அது கை மாறுன சாமான், ஆனா சார்ஜ் ஏத்தி ரெடியா இருக்கு. ஞாயித்துக்கெழம ஓடணும்னா அத எடுத்துக்குங்க லா.”

அப்பா பழையதைத் தூக்கக் குனிந்தார். பள்ளியில் மனப்பாடம் செய்த விடுதலைப் பேச்சு என் நாவில் இன்னும் ஆறாமல் இருந்தது. அங்கிருந்த மரப்பெட்டி மீது ஏறினேன்.

“பெரியோர்களே! புதிய நாட்டுக்குப் பழைய பேட்டரியா? நூற்றாண்டுகள் காத்திருந்த நாம் இரண்டு நாள் காத்திருக்க மாட்டோமா?”

அங்கே நின்றவர்களின் கைதட்டலில் கடை அதிர்ந்தது. எங்கள் தெருவின் செட்டி டாக்சிக்காரர், தலைமுறைகளுக்கு முன்பே தமிழை மறந்து மலாய் மட்டுமே பேசும் வம்சத்தவர், ஒரு சொல்லும் விளங்காமலே “பெத்துல்! பெத்துல்!” என்று ஆமோதித்து, எல்லாரினும் பலமாகக் கைதட்டினார். ஒருவர் அப்பாவைச் சீண்டினார்: “மவன் சுதந்திரம் பேசுறான், நீங்க பழசத் தூக்குறீங்களேண்ணே!”

அப்பா நிமிர்ந்தார். “சரி, புதுசே போடுங்க. ஞாயிறு காலையில கெடச்சிடும்ல?”

“பாப்போம்ணே.”

நாங்கள் வாசலைத் தாண்டுமுன் டாக்சிக்காரர் பழையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு விடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு கடையில் நின்றேன். கடைக்காரர் உள்ளே மிதவை வைத்த கண்ணாடிக் குழாயில் ஆசிட்டை உறிஞ்சி, சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்த்தார். “மெதவ இன்னும் மேல வரலண்ணே. பாதியில எடுத்தா தகடு கெட்டுடும். பாதி வழிகூடப் போவாம அலோர் காஜாவுலேயே நின்னாலும் நின்னுடும்.”

அப்பா என்னைத் திட்டவில்லை. அன்று பிற்பகல் முழுவதும், அம்மா ஒருமுறைகூட ஏறியிராத அந்தக் காரின் முன்னிருக்கையில், அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் போனோம். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்பா மேலே போக, நான் புல்தரையில் நின்றேன். மாடி நடையின் கம்பியைப் பிடித்தபடி அம்மா வந்தார். அவர் ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற ஆயா அதை உரக்கச் சொன்னார்:

“கடையில நல்லாப் பேசுனியாமே, அம்மாவுக்கும் பேசிக் காட்டுவியாம்! போன மாசம் மணி அடிக்கிறவரைக்கும் இங்கேயேதான் நின்னாங்க, தம்பி!”

முழுப் பேச்சையும், காத்திருந்த நூற்றாண்டுகள் உட்பட, அப்படியே முழங்கினேன். அம்மா சிரித்துக்கொண்டே கைதட்டினார். ஓசை வரவில்லை. அவர் ஏன் தாமே பேசவில்லை, கைகள் ஏன் ஒலிக்கவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தூரம் என்றே நினைத்தேன். எனவே, அந்தத் தூரத்தையும் வென்றுவிடும் எண்ணத்தில், மாடி முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தினேன்:

“அடுத்த மாசம் நடந்தாவது வந்துடுவேம்மா!”