நான்காம் சுற்றில் கிடைப்பவர்

சவுதியின் ஜுபைலில் குளிர்காலக் காலைகளில் கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து எங்கள் பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டை விழுங்கிவிடும். டவர்களின் உச்சியும் தெரியாது, அடியும் தெரியாது. நடுவில் ஒரு ஏணித்துண்டு மட்டும் எதிலும் ஒட்டாமல் நிற்கும். கேம்ப் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் போகிற எனக்கு அது கனவின் மிச்சமா, கண்ணால் பார்ப்பதா என்று பிடிபடாது. அந்தக் காலைகளை நினைத்தால் கூடவே ஒரு பச்சைப் புல்வெளியும், முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடும் ஒருவனும் நினைவுக்கு வருகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து. அந்தப் பைத்தியம் எங்கள் மேனேஜரிடமிருந்து எனக்குத் தொற்றியது.

மேனேஜர் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துக்காரர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன் போர்ட்டா கேபின் ஆபீசில், லேப்டாப்பில் மேட்ச்களை ஓடவிடுவார். காபிக்காகப் போய் உட்கார்ந்த நான் அப்படியே மாட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் மலை மாதிரி ஆட்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பந்தை எறிய ஒருவன் இருப்பான். அவன் எறியாதபோது பந்தை வாங்கிக்கொண்டு அந்த மனிதச் சுவருக்குள் தலையைக் கொடுத்து ஓட இன்னொருவன். ரன்னிங் பேக் என்பார்கள். எனக்கு அவனை மட்டும்தான் பிடித்தது. அவன் விழுவான், நாலு பேர் அவன்மேல் விழுவார்கள். அடியிலிருந்து எழுந்துவந்து, பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த முட்டலுக்குப் போய் நிற்பான்.

வருஷத்துக்கு ஒருமுறை அங்கே அணிகளெல்லாம் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பார்கள். டிராஃப்ட் என்று பெயர். போன வருஷம் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை. மேனேஜருக்கு அது கிறிஸ்துமஸைவிடப் பெரிய பண்டிகை. முதல் சுற்றில் ரன்னிங் பேக்கை எடுப்பவன் மடையன் என்பது அவர் கட்சி. "வழியை உண்டாக்குவது முன்னால் நிற்கும் தடியன்கள். வழி இருந்தால் என் அத்தைகூட ஓடுவாள்" என்பார். அதோடு அடிவாங்கி அடிவாங்கிச் சில சீசன்களிலேயே கால் போய்விடுமாம். எறிகிறவன் அப்படியில்லை, வருஷக்கணக்கில் ஆடுவான். "ஓடுகிறவன் நான்காம் சுற்றில் கிடைப்பான். எப்போதும் கிடைப்பான்."

"வழியே இல்லாத இடத்திலும் சிலபேர் ஓடுகிறார்களே?" என்று கேட்பேன்.

"அப்படிப்பட்டவன் எத்தனை பேர்? அவனும் முப்பது வயதுக்குள் முடிந்துபோவான்."

எனக்குக் கோபம் வரும். முன்பின் தெரியாத ஒரு அமெரிக்கப் பயலுக்காக எனக்கேன் இவ்வளவு பொத்துக்கொண்டு வருகிறது என்று வெகுநாள் விளங்கவில்லை.

விளங்காமல் என்ன, காரணம் என் பக்கத்துக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. என் அக்கா கணவர். கிரேன் தூக்குகிற பாரத்துக்குக் கயிறு கட்டி, மேலே ஏறி நின்று, கையசைத்துக் கிரேன்காரருக்கு வழிகாட்டுகிற ரிக்கர் வேலை அவருக்கு. என்னைக் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து இந்தப் பாலைவனத்துக்குக் கூட்டிவந்ததே அத்தான்தான். அன்று ஹெல்பராக வந்த நான் பைப்பிங் சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். அவர் அன்றும் ரிக்கர், இன்றும் ரிக்கர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன்குழம்புச் சோறு முடிந்ததும் திரையை இழுத்துவிட்டு போனில் மேட்ச் பார்ப்பேன். ஏசி உறுமும். சுவரில் பச்சை வெளிச்சம் அலையும். அத்தான் எட்டிப்பார்ப்பார். "பாவம் லே, எதுக்கு இவன்மேல இப்பிடி விழுகானுவ?" என்பார், உடனே தூங்கிப்போவார். தூக்கத்தில் அவருடைய இடதுகால் மட்டும் மெல்ல அசையும், ஏணிப்படி தேடுகிற மாதிரி. முழங்கால் வீங்கிய கால் அது. போனில் ஒருவன் ஓட, கட்டிலில் ஒருவர் ஏற, கொஞ்சநேரத்தில் எனக்கு இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒருநாள் எங்கள் கடற்கரை மணலில் அத்தான் பந்தோடு ஓடுவதாகக் கனவு வந்தது. துரத்த யாருமில்லை. ஆனாலும் ஓடிக்கொண்டேயிருந்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்ப்பார்கள். ஷட்டவுன். சூப்பர்வைசர்கள் நாங்கள் நாலு பேர், ஆட்கள் எல்லோருக்கும் பொது. முன்பெல்லாம் அவனவன் தன் ஊர்க்காரனை இழுத்துக்கொண்டு போவதில் அடிதடியே நடக்கும். மேனேஜர் வந்ததும் தன் நாட்டு டிராஃப்ட்டையே இங்கே இறக்கிவிட்டார். எல்லோருடைய கேட்பாஸ் கார்டையும் மெஸ் ஹால் மேசையில் பரப்பிவைத்து, நாங்கள் முறைவைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். போன வருஷம் வேலையைக் கடைசியில் முடித்தவருக்கு முதல் முறை, முதலில் முடித்தவருக்குக் கடைசி. இதுவரை மிஞ்சியவர்களுக்கு ஸ்டோரிலோ யார்டிலோ வேலை கிடைத்துவந்தது. இந்த வருஷம் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. மேசையில் மிஞ்சுகிற கார்டுக்காரர்களுக்கு எக்ஸிட் விசா, நேரே ஊர்.

அந்த அறிவிப்பு வந்த சாயங்காலம் அத்தான் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"போறது பெரிசில்ல மாப்ள. ஒருநாள் போவத்தான் வேணும். ஆனா நானா போவணும். எடுக்க ஆளில்லாம மேசையில கெடந்தவன்னு பேரு வரப்பிடாது."

"நான் இருக்கும்போ அப்பிடி விடுவேனா, அத்தான்?"

"அதத்தான் சொல்லுதேன். நீ எடுக்கப்பிடாது. மச்சினன் இரக்கப்பட்டு எடுத்தான்னு கேம்ப் முழுக்கச் சொல்லுவானுவ. அதுக்கு மேசையிலயே கெடக்கலாம்."

"அக்காகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"அவகிட்ட நான் சொல்லிக்கிடுவேன்."

பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சரி என்று தலையாட்டிவைத்தேன். என் முறை வந்ததும் முதல் கார்டாக அவரைத்தான் எடுப்பது என்று உள்ளுக்குள் முடிவும் கட்டிவிட்டேன். கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாரா, இருக்கட்டும். ஜுபைலிலேயே இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "முதல் சுற்றை வீணாக்காதே. அவரை வேறு யாரும் தொடமாட்டார்கள். நான்காம் சுற்றில் எடுத்துக்கொள்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அவ்வளவு எரிச்சலாக இருந்தது.

கார்டு எடுக்கிற காலையில் மெஸ் ஹால் ஜன்னல்களெல்லாம் பாலை ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தன. வெளியே ஆட்கள் நிற்பது நிழலாகத் தெரிந்தது, யார் எவர் என்று தெரியவில்லை. உள்ளே மேசை முழுக்க முகங்கள். எங்கள் கேட்பாஸ் வருஷாவருஷம் மாறும், போட்டோ மட்டும் மாறாது. அவரவர் வந்த புதிதில் எடுத்த போட்டோ. நரையில்லாத, மூட்டுவலி இல்லாத, பாலைவனத்தை இன்னும் சரியாகப் பார்த்திராத ஒரு கூட்டம் அங்கே படுத்துக்கிடந்தது. நடுவில் அத்தான், அடர்ந்த மீசையோடு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு. அக்காவைப் பெண்பார்க்க வந்த அன்று இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

முதல் முறை பாகிஸ்தான்காரரான பட்டான் சூப்பர்வைசருக்கு. போன வருஷம் காற்றில் அவருடைய டவர் வேலை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் முடிந்திருந்தது. முதலில் முடித்தது நான், அதனால் எனக்குக் கடைசி முறை. ஹைபிரஷர் வெல்டரைத்தான் பட்டான் எடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் அந்தக் கார்டை அவர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியும் வைத்தார். பட்டான் தாடியைத் தடவியபடி மேசையை ஒருமுறை சுற்றிவந்தார். குனிந்து அத்தானின் கார்டை எடுத்தார்.

"யே மேரா" என்றார். இது என்னுடையது.

மேனேஜருக்குக் காபி புரையேறிவிட்டது. "வெல்டர் இங்கே இருக்கிறான், பார்த்தாயா?"

பட்டான் இந்தியில் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்டர் யாராவது வந்துவிடுவான். போன வருஷம் ஏணி இருந்தது, கிரேன் இருந்தது, மேலே போக ஆளில்லை. காற்றைப் பார்த்துப் பயந்து எல்லோரும் கீழேயே நின்றார்கள். இந்த மனிதர் முன்னால் ஏறினால் பின்னாலேயே மற்றவர்களும் ஏறுவார்கள்.

"அவருடைய கால்?" என்றார் மேனேஜர்.

"மெதுவாக ஏறட்டும். நான் காத்திருப்பேன்."

என் கை அதற்குள் பாதி நீண்டுவிட்டிருந்தது. மடக்கிக்கொண்டேன். முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த நொடியே, எங்கள் வீட்டுப் பொருளை எவனோ கண்முன்னால் தூக்கிக்கொண்டு போன மாதிரி ஒரு பொறாமை. நான் காப்பாற்ற வந்திருந்தேன். பட்டானுக்கோ அந்த ஆள் தேவைப்பட்டார்.

வெளியே பனிக்குள் அத்தானைத் தேடிப் பிடித்தேன்.

"எத்தனாவது சுத்து?" என்றார், என்னைப் பார்க்காமலே.

"மொத்தத்துலயே மொதல்ல, அத்தான். பட்டான் எடுத்துட்டாரு."

"நீ போய்ச் சொல்லிக்குடுத்தியா?"

"அவருகிட்ட போய்ச் சொல்லிக்குடுக்க எனக்கு தைரியம் உண்டா?"

அவர் திரும்பி நின்றுகொண்டார். கழுத்துத் துணியால் முகத்தைத் துடைத்தார், பனி என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு அக்காவுக்குப் போன் போட்டார். "ஏட்டி, என்னைய மொதல்ல எடுத்திருக்காவ." மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியதாக அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. அடுத்து, "எதுக்கு எடுத்தாவ?" என்று கேட்டாள். "எதுக்கா? வேலைக்குத்தான்" என்று அத்தான் அதட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதட்டி நான் கேட்டதில்லை.

அந்த ஷட்டவுனில் நான் அவரைச் சரியாகப் பார்த்தது குறைவு. என் பைப்புகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தால், பனியில் டவரின் ஒரு துண்டும், அதில் கையுறை போட்ட ஒரு கையும் மட்டும் தெரியும். அந்தக் கை மேலே போகும்போது பெரிய பாரம் ஒன்று சத்தமில்லாமல் மேலே போகும். கை மூடினால் பாரம் நின்றுவிடும். வேலையை விட்டுவிட்டு வாய்பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த வருஷம் பட்டான் முதலில் முடித்தார். நான் கடைசி.

தோற்றதில் எனக்குக் கள்ளச் சந்தோஷம். அடுத்த வருஷம் முதல் முறை எனக்கு. இரக்கமென்று எவனும் சொல்ல முடியாது, முதல் சுற்றில் போனவரை நானும் முதல் சுற்றில் எடுக்கிறேன், அவ்வளவுதான். இதைச் சொல்ல ரூமுக்கு ஓடினேன். அத்தான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அன்று காலையே கேம்ப் ஆபீசுக்குப் போய், தானாகவே எக்ஸிட் கேட்டிருக்கிறார்.

"இப்ப எதுக்கு? இப்பத்தான் உங்கள எல்லாரும் கேக்குதாவ!"

"அதான் மாப்ள. கலாஸ், முடிஞ்சாச்சு."

நான் கத்தினேன். சட்டைகளை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கிளம்புவதற்குள் பனிக்காலம் போய் வெயில் வந்துவிட்டது. அந்த வாரம்தான் அமெரிக்காவில் டிராஃப்ட். ஏர்போர்ட்வரை வழியனுப்ப நானும் லீவு போட்டிருந்தேன். தம்மாம் ஏர்போர்ட்டுக்குப் போகிற பஸ் பக்கத்தில் நின்று பெட்டியை நான் வாங்கப் போனேன், தரவில்லை.

"உங்க மேனேஜர் டீமுக்கு யாரை எடுத்தாவ?" என்றார் திடீரென்று.

"ஓடுற பயலைத்தான். மொத சுத்துலயே. மேனேஜர் ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல்ல."

அத்தான் சிரித்தார்.

"நல்லா ஓடுவான். எப்ப நிறுத்தணும்னு மட்டும் யாராவது அந்தப் பயலுக்குச் சொல்லிக்குடுங்க."

இடதுகாலை முதல் படியில் மெல்ல வைத்தார். உள்ளேயிருந்து டிரைவர் யல்லா யல்லா என்று சத்தம்போட்டார். நான் அவசரப்படுத்தவில்லை. அவர் ஏறி முடித்ததும் பின்னாலேயே நானும் ஏறினேன்.