கேட்டுக்காரரின் ஜன்னல் ரவிக்கை

“நாப்பது, நாப்பத்தொண்ணு...”

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு லோரி, இரண்டு ரிக்‌ஷா, கூடையோடு பாசாருக்குப் போகும் நாலைந்து பெண்கள். கேட்டை ஒட்டிக் கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கன்னையா கொக்கி ஊசியால் வெள்ளை நூலைப் பின்னிக்கொண்டிருக்கிறார்.

“கன்னையாண்ணே, கேட்டு எப்பத் தொறக்கும்?” லோரிக்குள்ளிருந்து பழனியப்பன் தலையை நீட்டுகிறார்.

“நாப்பத்திரெண்டு.”

“நாப்பத்திரெண்டு நிமிசமா? அதுக்குள்ள நான் செமினித் தோட்டத்துக்கு நடந்தே போயிருவேன்.”

“நாப்பத்திமூணு.”

கூடைக்காரிகள் சிரிக்கிறார்கள். தூரத்தில் ஊதல் கேட்கிறது. அடுத்த கணம் நூல் பிஸ்கட் டப்பாவுக்குள்ளும் ஊசி காக்கிச் சட்டைப் பைக்குள்ளும் போய்விடுகின்றன. பச்சைக் கொடி கைக்கு வருகிறது. வலது காலைச் சற்று இழுத்துக்கொண்டே போய், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறார். கிள்ளான் வண்டி புகையும் இரைச்சலுமாகக் கடந்து போகிறது. கடைசிப் பெட்டியின் முதுகைப் பார்த்து, “நல்லபடியாப் போச்சு, புண்ணியம்” என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டைத் திறக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போனாலும் அத்தனைக்கும் இந்தப் ‘புண்ணியம்’ உண்டு. யாருக்குச் சொல்கிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பிரிக்பீல்ட்ஸைத் தாண்டிக் கிள்ளான் பக்கம் போகிற பாதையில் இருக்கிறது அவருடைய கேட். வயது முப்பத்து நாலு. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர்க் கட்டை தூக்கித் தூக்கி மரத்துப்போன விரல்கள். அந்தக் கட்டை விரல்களுக்கு நடுவில் துரும்பு போன்ற ஊசி குதித்து ஓடுவதைப் பார்ப்பவர்கள், கேட் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டே போகிறார்கள். இடது ஆள்காட்டி விரலில் நூல் ஓடி ஓடி ஒரு சின்ன வாய்க்கால் விழுந்திருக்கிறது. வலது பூட்ஸின் முன்பக்கம் முழுவதும் கந்தல் அடைத்திருக்கும். அந்தக் காலில் மூன்று விரல்கள் இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் தண்டவாளம் போடுகிற கூட்டத்தில் இருந்தார். தூக்கிய தண்டவாளம் ஒருவர் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் பத்து வாரம் படுத்திருந்தார். புண் ஆறுகிற நேரத்து அரிப்புத் தாங்காமல், தூக்கத்தில்கூடக் கை கட்டுக்குப் போய்விடும். வார்டைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் மார்க்கிரட் மிஸ்ஸி யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு நாள் திட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு கொக்கி ஊசியையும் நூல் உருண்டையையும் கொண்டுவந்து படுக்கையில் வைத்தார்.

“சும்மா கிடக்கிற கைதான் புண்ணைத் தோண்டும். இந்தாரும், இதைப் பிடியும்.”

“இது பொம்பளைங்க வேலை, மிஸ்ஸி.”

“ஓம். அப்ப ஆம்பிளை வேலை செய்ய எழும்பி நடவும், பாப்பம்.”

கன்னையாவால் எழுந்து நடக்க முடியவில்லை. அதனால் பின்னினார். முதல் வாரம் முழுக்கச் சங்கிலிப் பின்னல்தான். அந்தச் சங்கிலி அவர் கட்டிலிலிருந்து கிளம்பி, ஏழு கட்டில் தாண்டி, வார்டு வாசல் வரை போய்விட்டது என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். கால் பிழைத்தது. விரல் போனவரை ரயில்வே வெளியே தள்ளாமல், கேட்டுக்கு மாற்றியது. மிஸ்ஸி இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இன்றும் காலையில் முதல் கண்ணி போடுவதற்கு முன்னால் ஊசியை இரண்டு கண்ணிலும் ஒற்றி, “மிஸ்ஸி புண்ணியம்” என்கிறார் கன்னையா.

முதலில் அவர் தனக்கு ஒரு பனியன் பின்னிக்கொண்டார். இரண்டு கண்ணிக்கு ஒரு தூண்போல் நிமிர்ந்த பின்னல், தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டைகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஜன்னல். “நம்ம ஊரு வெயிலுக்குத் துணி கதவு மாதிரி இருக்கக் கூடாது, ஜன்னல் மாதிரி இருக்கணும்” என்பது அவர் கட்சி. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கியபோது பழனியப்பன் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, கிள்ளான் ஆத்துல வலை போடப் போறீங்களா?”

“ஆமா தம்பி. மொதல்ல ஒன் லோரியப் பிடிக்கலாம்னு பாக்குறேன். அதான் கண்ணு பெரிசாப் போட்டிருக்கேன்.”

கேலிக்கு அவர் கோபித்து யாரும் பார்த்ததில்லை.

இந்த வருடத்து வெயில் எல்லாரையும் வாட்டியது. ஆனால் கேட் வீட்டில் இருந்த புஷ்பவல்லியை வாட்டியதுபோல் யாரையும் வாட்டியிருக்காது. கன்னையாவின் மனைவிக்கு ஏழாம் மாதம். வீடு ஒற்றை அறை. மேலே தகரக் கூரை. வாசலில் இறங்கினால் தண்டவாளத்துக் கருங்கல் ஜல்லி. பகலில் கூரையும் ஜல்லியும் மாறி மாறி அனலை வீசும். முதுகு, கழுத்து, அக்குள் எங்கும் வேர்க்குரு. முழங்கை வரை நீண்ட மல்துணி ரவிக்கை அதன் மேல் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தோலையும் சேர்த்து இழுத்தது.

“இந்தக் கேட்டு வீட்டுல வச்சு என்னை அவிச்சு எடுக்குறீங்க. நான் எங்கம்மாகிட்டப் போறேன். அங்க மரத்து நெழலாவது இருக்கு.”

“கொஞ்சம் பொறு புள்ள.”

“எங்கம்மா மாதிரி சேலையை மட்டும் சுத்திக்கிட்டு உக்காரவா? எந்நேரமும் கேட்டுல நாப்பது பேரு நிக்கிறாங்க!”

புஷ்பவல்லியின் தாய் வீடு செமினிப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் பிரசவத்துக்கு அவள் அங்கேதான் போனாள். வலி இரண்டு நாள் நீடித்தது. மருத்துவச்சி கைவிட்ட பிறகு மாட்டு வண்டி கட்டினார்கள். டவுன் வந்து சேரும்போது தாய் மட்டும்தான் மிஞ்சியிருந்தாள். இந்த முறை ஆஸ்பத்திரியில் பரிசோதித்த டாக்டரம்மா கன்னையாவைத் தனியே கூப்பிட்டு, இவளைத் தூரத்துக்கு அனுப்பாதே, வலி கண்டதும் இங்கே வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கேட் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ரிக்‌ஷாவில் அரை மணி. செமினியிலிருந்து அரை நாள். அதைச் சொன்னால் புஷ்பவல்லி பயந்துவிடுவாள் என்று கன்னையா மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். வெயிலை அவரால் நிறுத்த முடியாது. அவள் முதுகுக்கு ஜன்னல் வைக்க முடியும்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, இருக்கிறதிலேயே மெல்லிய நூலாகப் பார்த்து வாங்கி வந்தார். கழுத்திலிருந்து தொடங்கி வட்டமாகக் கீழே இறங்கும் ரவிக்கை. முன்பக்கம் கண்ணிகள் நெருக்கம். முதுகிலும் அக்குளிலும் ஜன்னல்கள் அகலம். நூல் மெலிசு, விரல் தடிமன். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் ஏறாது. கேட் வேலைக்கு நடுவில் பின்னிப் பின்னி, இரண்டு வாரத்தில் கழுத்தும் தோளும் ஆகியிருந்தன.

அப்போதுதான் மாமியார் மாரியாயி வந்து சேர்ந்தாள். வளைகாப்புப் போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவதாகத் திட்டம். “மொதப் புள்ளை தங்கல. அதனால இதுதான் தலைப்பிரசவம். தாய் வீட்டுலதான் நடக்கணும்” என்று மகளிடம் சொன்னாள். ரப்பர் ஷீட் ஏற்றி வரும் பழனியப்பனின் லோரி வெள்ளிக்கிழமை வெறுமையாகத் திரும்பும். அதில் இடமும் சொல்லியாகிவிட்டது. மருமகனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கத்தில் மாமியார் மருமகன் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவர் உள்ளே வந்தால் அவள் பின்பக்கச் சாய்ப்பில் இருக்கும் அடுப்படிக்குப் போய்விடுவாள். கன்னையாவும் எதைச் சொல்ல வேண்டுமானாலும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வார். டாக்டரம்மா சொன்னதைச் சுவரிடம் சொல்ல முடியுமா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை தூறியது. நூல் நனையாமல் இருக்கட்டும் என்று கன்னையா டப்பாவை வீட்டுக்குள் வைத்துவிட்டு வண்டிக்குக் கொடி பிடிக்கப் போனார். புஷ்பவல்லி அயர்ந்து தூங்கினாள். வெற்றிலை போட உட்கார்ந்த மாரியாயி, சுண்ணாம்பு இருக்குமென்று அந்த டப்பாவைத் திறந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று, கழுத்தும் தோளும் மட்டுமாக, பூப்போல் சுருங்கி உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சட்டை.

மாரியாயி அதைச் சட்டென்று மடியில் போட்டாள். பிறக்காத பிள்ளைக்குத் துணி தைத்து வைக்கிற பழக்கம் அவர்களிடம் இல்லை. முதல் தடவை தோட்டத்தில் யாரோ ஆசையாகத் தைத்துக் கொடுத்த குட்டிச் சட்டையை வேண்டாமென்று சொல்ல வாய் வராமல் பெட்டியில் வாங்கி வைத்தவள் அவளேதான். அன்றிலிருந்து அந்தச் சட்டையை அவள் மறக்கவில்லை. இப்போது இது! மருமகனைக் கேட்கவும் முடியாது. நூல் முனை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்தாள். குரோஷா வேலைக்கு முடிச்சுக் கிடையாது. முனையைப் பிடித்து இழுத்தால் கண்ணிக்குப் பின் கண்ணியாக ஓடி வந்துவிடும். வெளியே வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு வாரத்து வேலை வரிசை வரிசையாக அவிழ்ந்துகொண்டிருந்தது. கன்னையா கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே நுழைந்தபோது, மாமியார் மடியில் சுருட்டை முடிபோல் ஒரு நூல் குவியல் மட்டும் இருந்தது.

சத்தம் கேட்டு எழுந்த புஷ்பவல்லிதான் அலறினாள்.

“அம்மா! என்ன செஞ்ச?”

“புள்ளை பொறக்குறதுக்கு முன்னாடி எவனாச்சும் சட்டை பின்னுவானா? ஒரு தடவை பட்டது போதாதா?”

“அது புள்ளைக்கு இல்லம்மா! எனக்கு! வேர்க்குரு தாங்கலன்னு எனக்கு ரவிக்கை பின்னுனாரு!”

கன்னையா குனிந்து குவியலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, நூலை விரலுக்கு நடுவில் விட்டு இழுத்து இழுத்துப் பார்த்தார்.

“அறுக்கல,” என்றார். “ஒரு எடத்துலகூட அறுக்கல. நூலு முழுசா இருக்கு. புண்ணியம்.”

திட்டியிருந்தால் மாரியாயி தாங்கியிருப்பாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கன்னையா அன்று சுவரைப் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்தே சொன்னார்.

“அத்தே, ஒங்க தோட்டத்துல நெழல் இருக்கு. டாக்டரம்மா இல்ல. வலி வந்தா அரை மணியில கொண்டு போயிச் சேக்கணும்னு சொல்லிருக்காங்க. இவளை இங்க வச்சுக்க எனக்கு வேற வழி தெரியல. அதான் பின்னுனேன்.”

புஷ்பவல்லிக்கும் அப்போதுதான் தெரியும். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மாரியாயி முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“இந்தச் சுருட்டை எப்படி மாப்ளே போகும்?”

“தண்ணியில நனைச்சு, சுமை கட்டித் தொங்கவிட்டா நேராயிரும்.”

மறுநாள் கேட் வீட்டு வாசலில் நனைந்த நூல் சிட்டமாகத் தொங்கியது. கீழே சுமையாகக் கட்டியிருந்தது ஒரு ஜல்லிக்கல். மாரியாயி அதைப் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தாள். காய்ந்ததும் இரண்டு கைகளையும் நீட்டி அதில் நூலை மாட்டிக்கொண்டாள். புஷ்பவல்லி உருண்டையாகச் சுற்றினாள். தண்ணீர் எடுப்பதும் விறகு பிளப்பதும் கன்னையா கையைவிட்டுப் போயின. “அவுங்க கை பின்னட்டும்” என்று மகளிடம் சொல்லி, வாளியைப் பிடுங்கிக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை லோரி வந்து நின்றது. ரவிக்கை அப்போது பழையபடி கழுத்தளவுதான் ஏறியிருந்தது.

“பெரியம்மா, பெட்டிய எடுங்க! அக்காவுக்கு வைக்கோல் போட்டு மெத்தை கட்டி வச்சிருக்கேன்” என்றார் பழனியப்பன்.

“பெட்டியும் இல்ல, ஆளும் இல்ல. ரெண்டு மாசத்துக்கு மாரியாயி வர மாட்டான்னு தோட்டத்துல சொல்லிரு.”

“மண்டோர் ஆள் கணக்குல ஒங்க பேரு வெட்டிருவாரு, பெரியம்மா.”

“வெட்டட்டும். இருவது வருசமா அவரு போட்ட பேருல நான் மாளிகையா கட்டுனேன்?”

“அப்ப நீங்களும் வலை பின்ற கம்பெனியில சேந்தாச்சு!”

“ஆமா. ஒனக்கும் வேணும்னா வந்து தண்ணி தூக்கு. வேலை போட்டுத் தரேன்.”

லோரி சிரித்துக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனது. அடுத்த வண்டிக்கு மணி அடித்தது. கன்னையா அப்போது கழுத்தை முடித்துத் தோளைத் தொடங்குகிற இடத்தில் இருந்தார். எண்ணிக்கை பாதியில் நின்றது. இந்த இடத்தில் ஊசியை உருவினால் கண்ணி ஓடிவிடும், எழாமலும் முடியாது. மாரியாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள்.

“எழுவத்தாறு வரைக்கும் எண்ணுனீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஊசிய எடுத்துக்கிட்டுப் போங்க மாப்ளே.”

கடைசிக் கண்ணிக்குள் தன் ஆள்காட்டி விரலை நுழைத்தாள். கன்னையா ஊசியை மெதுவாக உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொடியோடு எழுந்து போனார். கேட் மூடியது. வண்டி வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது; காற்றில் அவள் முந்தானை தோளைவிட்டுப் பறந்தது; கன்னத்தில் கரித்தூள் வந்து ஒட்டியது. மாரியாயி முந்தானையைப் பிடிக்கவில்லை, கரியைத் துடைக்கவில்லை. கடைசிப் பெட்டி போகும்வரை, நூல் கோத்த விரலை விளக்குத் திரிபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.